பக்கத்துக் கைக்குச் சிவப்பு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கிளினிக் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு வேலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். அக்கா அழும்போது தம்பி என்ன செய்ய வேண்டும்? எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நான் மனசுக்குள் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் புத்தி அப்படி.

என் முழியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"டேய், என்ன, கதையாக்கப் பாக்கறியா?"

"இல்லக்கா, சும்மா…"

"பொய் சொல்லாத. உன் மூக்கு விடைச்சுக்கிச்சு. எழுதிக்கோ, போ. ஆனா எனக்குப் படிச்சுக் காட்டாம ஒரு எழுத்து வெளிய போகக் கூடாது. உன் கதையில வர்ற பொம்பளைங்க எல்லாம் கடைசிப் பக்கத்துல ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நான் நிக்க மாட்டேன். எனக்கு வேலை இருக்கு."

இது நியாயமான குற்றச்சாட்டு. என் மூன்று தொகுப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். பதினோரு பெண்கள் நிற்கிறார்கள்.

2

தொடக்கங்கள். எழுதியதும் கிழித்ததும்.

முதல் தொடக்கம்: "நாற்பத்து மூன்றாவது வயதில், அவள் வாழ்க்கையில் மெல்ல ஒரு வெளிச்சம்"

(அக்கா: "ஏன், அதுவரைக்கும் என் வாழ்க்கையில கரண்ட் கட்டா?")

இரண்டாவது தொடக்கம்: "கணினித் திரையின் நீல ஒளியில் அவள் முகம் சோகம் படிந்து"

(அக்கா: "வகுப்பு பகல் பன்னெண்டு மணிக்கு. ஜன்னல் திறந்திருக்கும். நீலம் எங்கிருந்துடா வந்துச்சு? சோகம் எங்கிருந்து வந்துச்சு? எனக்குப் பசிச்சுது, அவ்வளவுதான்.")

மூன்றாவது தொடக்கத்தை அவளே சொன்னாள். "நான் கோபத்துலதான் படிக்கப் போனேன். அதை எழுது." எழுதுகிறேன்.

3

அவள் பதினெட்டு வருடம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். வாடிக்கையாளர் கேட்டால் விரிப்பது, வேண்டாம் என்றால் மடிப்பது. ஒரு நாளைக்கு இருநூறு துணி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் எத்தனை மடிப்பு என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். தலை சுற்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காய்ச்சலென்று ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே பிரஷர் பார்க்கிற பெண் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தாள், பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், எழுதினாள், "ம், அடுத்தது" என்றாள். அக்காவுக்கு வந்ததே கோபம். தான் துணியை மடிக்கிற பக்குவத்தில் பாதிகூட இந்தப் பெண் மனுஷக் கையைப் பிடிப்பதில் இல்லை என்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அத்தானிடம் சொன்னாள்:

"என்னங்க, அந்த வேலையை அவளைவிட நான் நல்லா செய்வேன்."

பேருந்து ஓட்டுகிற அத்தான் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். "செய்யேன்" என்றார். அவர் ஒரு வார்த்தைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பின்னாளில் என்ன பாடு பட்டார் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

மருத்துவ உதவியாளர் பயிற்சி, ஆன்லைனில், பதினான்கு மாதம். கடையில் அவளுக்கு மதிய நேரம் இரண்டு மணி நேர இடைவேளை உண்டு. வீடு ஐந்து நிமிட நடை. சாப்பாட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் குறிப்பெழுதுவாள். உடம்பின் எலும்புகளை எல்லாம் சமையலறை அலமாரிக் கதவுகளில் ஒட்டி வைத்தாள். சர்க்கரை டப்பாவை எடுக்கப் போன நான் ஒரு முறை இடுப்பெலும்பைத் திறந்தேன்.

(இங்கே "தன்னம்பிக்கை", "விடாமுயற்சி" என்று இரண்டு சொல் எழுதியிருந்தேன். அக்கா பேனாவை வாங்கி அடித்துவிட்டாள். "இதெல்லாம் பள்ளிக்கூடச் சுவத்துல எழுதுறது" என்றாள்.)

4

இப்போது சோபா. இந்தக் கதை முழுக்க இந்தச் சோபாவின் மேல்தான் நிற்கிறது, ஆகையால் கவனமாகக் கேளுங்கள்.

இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எடுக்கும் ஈசிஜி தெரியுமல்லவா? அதற்கு நெஞ்சில் ஆறு ஒட்டு. கைகால்களில் நான்கு கிளிப். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. ஆன்லைனில் படிக்கிறவர்களுக்கு இயந்திரம் யார் கொடுப்பார்கள்? அக்கா துணி காயப் போடும் கிளிப் நான்கை எடுத்து, நான்கு நிறத்தில் சாயம் பூசி, பழைய சார்ஜர் வயர்களைக் கட்டினாள். நோயாளி வேண்டுமே! அத்தானுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளும் மனுஷன் சட்டையில்லாமல் சோபாவில் படுத்துக் கிடந்தார்.

"பெருமூச்சு விடாதீங்க, கோடு கோணலாயிடும்."

"எந்தக் கோடு? வயரோட அந்த முனை மேஜைக்கால்லதானே கட்டியிருக்கு?"

"நோயாளி பேசக் கூடாது."

அவர் பேச மாட்டார், தூங்கிவிடுவார். குறட்டை விடும் நோயாளிக்கு எப்படி ஈசிஜி எடுப்பது என்பதில் அக்கா அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் உலகத்தில் இல்லை.

சோபாவின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். அத்தான் தலையை எப்போதும் மின்விசிறி இருக்கும் பக்கமே வைப்பார். அப்படிப் படுத்தால் அவருடைய இடது பக்கம் சுவர். வலது பக்கம் அக்கா. பதினான்கு மாதம், வாராவாரம், நூறு தடவைக்கு மேல் அவள் அங்கே நின்றே பழகினாள். வேகம் வர வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு பாட்டுப் போலச் சொல்லிக்கொள்வாள்: பக்கத்துக் கைக்குச் சிவப்பு, தூரத்துக் கைக்கு மஞ்சள், தூரத்துக் காலுக்குப் பச்சை, பக்கத்துக் காலுக்குக் கறுப்பு. பதினொரு நொடியில் முடித்துவிடுவாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், "அக்கா, பதினொண்ணு!" என்று. அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

புத்திசாலி வாசகர் இந்நேரம் விஷயத்தைப் பிடித்திருப்பார். பிடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாதீர்கள்.

5

எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். (அந்தத் திரையைப் படம் பிடித்து நான் எழுபது பேருக்கு அனுப்பினேன். என் புத்தகத்துக்கு விருது வந்தபோதுகூட இருபது பேருக்குத்தான் அனுப்பினேன்.) கடை வேலையை விட்டாள். இனி ஒன்றே ஒன்று பாக்கி. ஏதாவது ஒரு கிளினிக்கில் இருபது நாள், மொத்தம் நூற்று அறுபது மணி நேரம், நேரடிப் பயிற்சி. அதன் முடிவில் அங்குள்ள தலைமைச் செவிலி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சான்றிதழ், போடாவிட்டால் பதினான்கு மாதமும் தண்ணீரில் கரைந்த மாதிரிதான். திரும்ப எழுத ஒரு தேர்வு கிடையாது. துணிக்கடையில் அவள் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது.

தலைமைச் செவிலியை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வடிவத்தில் அவரை ஒரு கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன்; புருவத்தை எல்லாம் தூக்கி வைத்திருந்தேன். கதைக்கு வசதி. ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க நல்லவங்களும் இல்ல, கெட்டவங்களும் இல்லடா. கால் வலியோட முப்பது வருஷமா நிக்கிறவங்க" என்றாள்.

சரி. பெரிய சிஸ்டர் முதல் நாள் அக்காவின் மதிப்பெண் தாளைப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல படிச்சவங்களா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"கம்ப்யூட்டருக்கு ரத்தம் வராது. இங்க வரும். முதல்ல காயத்துக்குக் கட்டுற காஸ் துணியை மடிச்சுப் போடுங்க, அப்புறம் பார்க்கலாம்."

அவமானப்படுத்த நினைத்துச் சொன்னாரோ என்னவோ, ஆனால் ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார். மடிப்பதில் பதினெட்டு வருட அனுபவம்! ஒரு நாள் முழுக்க மடிக்க வேண்டிய துணிக்கட்டை முக்கால் மணி நேரத்தில் அடுக்கி வைத்துவிட்டு, "அடுத்து என்ன சிஸ்டர்?" என்று போய் நின்றாள். பெரிய சிஸ்டர் அடுக்கைப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிரஷர் கருவியை எடுத்து நீட்டினார்.

பத்தொன்பதாம் நாள் காலைக்குள் அக்கா இருபத்தாறு ஈசிஜி எடுத்திருந்தாள். அத்தனையும் பெரிய அறையில், அத்தனையும் சரி.

6

பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. பெரிய அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் ஈரம். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சின்ன அறையில் வைத்தார்கள்.

அன்றைக்கு முதலில் வந்தவர் ஒரு பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குச் சாரத்தில் நின்று வண்ணம் அடிப்பவர். ஐம்பது வயது இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் சான்று கொடுத்தால்தான் மேலே ஏற விடுவார்கள். நகக்கண்ணெல்லாம் பச்சைச் சாயம். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உள்ள ரத்தம் இருக்கோ பெயிண்ட் இருக்கோ, பார்த்துச் சொல்லும்மா" என்றார்.

"பெயிண்டா இருந்தா எத்தனை கோட்டிங்குன்னும் சொல்றேன்ணா, படுங்க" என்றாள் அக்கா.

நெஞ்சில் ஒட்ட வேண்டிய ஆறையும் விலா எலும்பை எண்ணி, சரியாகவே ஒட்டினாள். பிறகு நான்கு கிளிப். பக்கத்துக் கைக்குச் சிவப்பு, தூரத்துக் கைக்கு மஞ்சள். பதினொரு நொடி.

கோடு வந்தது. காகிதத்தைக் கிழித்து டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நிமிர்ந்து நிற்க வேண்டிய கோடு கவிழ்ந்து கிடந்தது.

"இதை வச்சுக்கிட்டு உங்களை மேல ஏற விட முடியாதுங்க. இதயத்துல ஏதோ கோளாறு இருக்கற மாதிரி தெரியுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இன்னிக்கே போங்க" என்று பெயிண்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

[இதைப் படித்த ஒரு மருத்துவ நண்பர், "வயர் மாறியிருக்குமோ என்று அந்த டாக்டருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டுமே" என்று கேட்டார். வந்திருக்க வேண்டும்தான். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் டாக்டரைத் திட்டிக்கொள்ளுங்கள்; அக்கா திட்டவில்லை.]

பெயிண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பொத்தான் மாறிப் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

7

நாம் ஒரு நிமிடம் இங்கே நிற்போம். ஏனென்றால் நானும் இங்கேதான் இரண்டு நாள் நின்றேன். கதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம் என்கிற இடம். திருப்பிப் பார்த்தேன்.

முடிவு அ. எல்லாரும் அக்காவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். "கம்ப்யூட்டரில் படித்தவள், வயரை மாற்றிப் போட்டிருப்பாள்!" அவள் அசையவில்லை. "நான் சரியாகத்தான் போட்டேன். இவருடைய இதயம் வலது பக்கம் இருக்கிறது" என்கிறாள். லட்சத்தில் ஒருவருக்கோ என்னவோ அப்படி இருக்குமாம். படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆமாம், வலது பக்கம்! டாக்டர் வாய் பிளக்கிறார், பெரிய சிஸ்டர் தலை குனிகிறார், பெயிண்டர் கைகூப்புகிறார். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. இரண்டரைப் பக்கம்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லா இருக்குடா" என்றாள். "யாரு இவ?"

"நீதான்க்கா."

"நான் எங்கடா இதுல இருக்கேன்? என்னைத் தூக்கி வைக்கிறதுக்காக ஒரு மனுஷனோட இதயத்தையே இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நகர்த்தியிருக்க. நான் தப்பு பண்ணினேன். அது என்னோட தப்பு. அதை எங்கிட்டேருந்து புடுங்காத."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள்மேல் உள்ள பெருமையில்தான் அப்படி எழுதினேன். என்ன பெருமை அது? நடந்ததை நம்பாமல், இல்லாத ஒன்றை வைத்து அவளை உயர்த்துகிற பெருமை. இரண்டரைப் பக்கத்தையும் கிழித்தேன்.

முடிவு ஆ. அவள் வாயைத் திறக்கவில்லை. பெயிண்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே மறுபடி ஈசிஜி எடுக்கிறார்கள்; ஒன்றுமில்லை என்று சாயங்காலம் அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் அவர் சாரத்தில் ஏறுகிறார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அக்காவுக்குக் கையெழுத்துக் கிடைக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன், உங்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமில்லை. இதை அக்காவிடம் கொஞ்சம் பயந்துகொண்டேதான் படித்தேன். அவள் கோபப்படவில்லை.

"எனக்கும் முதல்ல இதுதான்டா தோணுச்சு. மூணு நிமிஷம் நின்னேன். அந்த மூணு நிமிஷத்தை எழுது. அதை விட்டுட்டு என்னை உத்தமின்னு எழுதினா, நான் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

8

ஆகவே, அந்த மூன்று நிமிடம்.

சின்ன அறை. கட்டிலைத் துடைத்து, அடுத்த ஆளுக்குப் புதுத் தாளை விரித்தாகிவிட்டது. அக்கா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கிளிப்பைத் துடைக்கும்போது அதில் சின்னதாக ஒரு எழுத்து இருப்பது கண்ணில் பட்டது. வலது என்பதற்கான ஆங்கில எழுத்து. ஒவ்வொரு கிளிப்பிலும் எழுத்து இருந்தது. எழுத்தைப் பார், பிறகு மாட்டு என்று பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டில் அவள் சாயம் பூசிய துணிக்கிளிப்பில் ஏது எழுத்து? நிறத்தையும் பக்கத்தையும் வைத்தே கை பழகிவிட்டது.

நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவர். தலையணை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அவர் படுத்திருந்தபோது சுவர் எந்தப் பக்கம்? வலது பக்கம். அப்படியென்றால் தன் பக்கம் இருந்தது இடது கை. பக்கத்துக் கைக்குச் சிவப்பு.

கிளிப்பைத் திருப்பி அந்த எழுத்தை இன்னொரு தரம் படித்தாள்.

"சத்தியமா சொல்றேன், முதல்ல அந்தப் பெயிண்டரைப் பத்தி நினைக்கவே இல்லடா" என்றாள் பிறகு. படிவத்தைத்தான் நினைத்தாள். இன்னும் ஒரே நாள். சோபாவில் கிடந்த அத்தானை நினைத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த மனுஷன் விடுமுறை என்று ஒன்றை அனுபவிக்கவே இல்லை. "கம்ப்யூட்டர்ல படிச்சவங்களா?" என்ற குரலை நினைத்தாள். சொன்னால் அந்தக் குரல்தான் ஜெயிக்கும். அவளோடு சேர்த்து, அவளுக்குப் பின்னால் இப்படிப் படித்துவிட்டு அந்த வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொருத்தியும் தோற்பாள். தவிர, அந்த ஆளுக்கு ஒன்றுமே ஆகாது. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு எத்தனை நல்ல காரணங்கள் பாருங்கள்! ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது.

வயரைச் சுருட்டியபடியே கதவோரம் வந்தாள். பெஞ்சில் பெயிண்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல… ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல… அழாத. நீ அழுதா நான் எப்படிப் பேசறது?… ஒண்ணுமில்ல."

அவர் போனைப் பிடித்திருந்த கை நடுங்கியது. முப்பது வருடம் உயரத்தில் நின்று தூரிகை பிடித்த கை. நடுக்கமில்லாமல் இருப்பதுதான் அந்தக் கையின் தொழில். அதை நடுங்க வைத்தது தான்தான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அவ்வளவுதான். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. வயரைக் கையில் பிடித்தபடியே நேராகப் பெரிய சிஸ்டரிடம் போனாள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"சிஸ்டர், அந்தப் பெயிண்டர் அண்ணனோட ஈசிஜி தப்பு. நான்தான் வயரை மாத்திப் போட்டுட்டேன்."

பெரிய சிஸ்டர் ஊசி மருந்தை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை நின்றது.

"எதை எதுக்கு மாத்துனீங்க?"

"வலது கைக்குப் போட வேண்டியதை இடது கைக்கு. காலுக்கும் அப்படியே. வீட்டுல ஒரே பக்கம் நின்னு பழகிட்டேன். இந்த அறையில கட்டில் எதிர்ப்பக்கமா இருக்கு. நான் கிளிப்புல இருக்கற எழுத்தைப் பார்க்கல."

"கூட்டம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"அவர் கிளம்பிடுவாரு சிஸ்டர். அவரோட வீட்டுல அழுதுக்கிட்டிருக்காங்க."

பெரிய சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனார்.

மறுபடியும் எடுத்தார்கள். "மறுபடியுமா? முதல் தடவையிலேயே பாதி உசிரு போயிடுச்சும்மா" என்று புலம்பிக்கொண்டே படுத்தார் பெயிண்டர். இந்தத் தடவை அக்கா ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்து மாட்டினாள். நாற்பது நொடி ஆனது. கோடு நிமிர்ந்து நின்றது. டாக்டர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, ஏறலாம் என்று சான்று எழுதிக் கொடுத்தார்.

பெயிண்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினார்.

"ஏம்மா! இந்த அரை மணி நேரத்துல என் வீட்டுக்காரிகிட்ட இருபது வருஷமா சொல்லாததையெல்லாம் சொல்லிட்டேனே! பீரோ சாவி எங்க இருக்குங்கறதுலேருந்து, அவ தங்கச்சி கல்யாணத்துல சண்டை போட்டது என் தப்புதாங்கற வரைக்கும்! இப்ப நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணா" என்றாள். அவர் பையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"தப்பு பண்ணதுக்கு உன்னை நல்லாத் திட்டணும்மா" என்றார். "சொன்னதுக்கு அப்புறம் திட்ட வாய் வரல. என்னமோ போ." மாற்றிப் போட்ட பொத்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

பெரிய சிஸ்டர் அன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நாளைக்குப் படிவத்தை எடுத்துட்டு வாங்க." குரலில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு வந்துதான் அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கதையில் உணர்ச்சியைப் பச்சையாகச் சொல்லக் கூடாது, காட்ட வேண்டும் என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடுங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. தொண்ணூற்று நான்கு மார்க் வாங்கியபோது இருந்ததைவிட, இடுப்பில் கைவைத்துச் சிரித்தபோது இருந்ததைவிட, மூக்கு சிந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. என் அக்கா. என் கூடப் பிறந்தவள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

9

புதன்கிழமை, இருபதாம் நாள்.

அந்தப் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள். நேரம் தவறாமை, சுத்தம், நோயாளிகளிடம் பேசும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டம்: "பயிற்சிக் காலத்தில் நேர்ந்த பிழை ஏதேனும் இருந்தால், விவரமும், இனிச் செய்ய இருப்பதும்." அதில் எல்லாரும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்களாம். பெரிய சிஸ்டரின் முப்பது வருடத்தில் அந்தக் கட்டத்தில் ஒருத்தர்கூட எழுதி அவர் பார்த்ததில்லை.

அக்கா எழுதியிருந்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து அவளுக்கு. "செவ்வாய்க்கிழமை, ஈசிஜி, கை, கால் வயர்களை வலது இடது மாற்றிப் போட்டேன். எழுத்தைப் பார்க்காமல் பழக்கத்தை நம்பினேன். நோயாளி அரை மணி நேரம் பயந்தார். இனி, வயரைத் தொடும் முன் எழுத்தைப் படிப்பேன். நோயாளியை அவருடைய வலது கையைத் தூக்கச் சொல்வேன்."

பெரிய சிஸ்டர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா சொன்னாள். எழுதியும் விட்டேன், அரைப் பக்கம். அதைத்தான் அவள் விடவில்லை.

"அதை மட்டும் வேண்டாம்டா. கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதினா, உண்மையைச் சொன்னா பரிசு கிடைக்கும்னு ஆயிடும். நான் பரிசுக்காகச் சொல்லல. போடலன்னு எழுதினா, இதைப் படிக்கிற எவளோ ஒருத்தி நாளைக்கு வயரைக் கையில வச்சுக்கிட்டு நிப்பா, வாயைத் திறக்க மாட்டா."

"அப்போ எப்படிக்கா முடிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே எழுத்தாளன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஜன்னல் பக்கம் போகவில்லை.

நானும் முடிக்கப் போவதில்லை. படிவத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன். பன்னிரண்டாவது கட்டம் நிரம்பியிருக்கிறது, அதற்குக் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. அவசரமில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்று நினைத்துப் பாருங்கள். என்றைக்காவது ஒரு நாள் உங்களுக்கும் நெஞ்சு கனக்கும். ஏதோ ஒரு சின்ன அறையில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பீர்கள்; வெளியே உங்கள் வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி வருவாள். வயரை உடனே தொட மாட்டாள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

"உங்க வலது கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்பாள்.

தூக்குங்கள். பேனாவை அந்தக் கையில்தான் தரப்போகிறேன்.